ஐஸ் ஹாக்கி ஸ்கோரர்களை பிறந்த நாடு வாரியா ரேங்க் பண்றது எப்படி? ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

ஜெர்மனியில பிறந்த என்ஹெச்எல் (வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) வீரர்கள்ல அதிக பாயின்ட் யாருன்னு இன்னைக்கு கேட்டா லியோன் ட்ரைசைட்ல்னு டக்குன்னு சொல்லிடுவாங்க, சரிதான். ஆனா இதே கேள்வியை 2019ல கேட்டிருந்தா நூத்துக்கு தொண்ணூறு பேர் மார்கோ ஸ்டர்ம்னு சொல்லிருப்பாங்க, அது தப்பு. ஸ்டர்ம் 938 கேம்ல 487 பாயின்ட். அவருக்கு மேல எம்ஸ்டெட்டன்ல பிறந்த வால்ட் ட்காச்சுக் 678 பாயின்ட்டோட இருக்காரு, அவருக்கும் மேல ஃப்ரைபர்க்ல பிறந்த டானி ஹீட்லி 791 பாயின்ட்டோட இருக்காரு. ரெண்டு பேருமே கனடாவுல வளர்ந்தவங்க, ஹீட்லியோட அப்பா ஜெர்மனியில ஹாக்கி ஆடிட்டு இருந்தப்போ பையன் அங்க பிறந்தான், அவ்வளவுதான் விஷயம். ஹீட்லி கடைசி வரைக்கும் கனடா ஜெர்சிதான் போட்டாரு.

இந்த மாதிரி லிஸ்ட் போடுறது எனக்கு ரொம்ப நாளா இருக்கிற பிரியம். நெட்ல கிடைக்கிற "நாடு வாரியா டாப் ஸ்கோரர்" லிஸ்ட்ல பாதிக்கு மேல பிறந்த நாட்டையும் ஆடின நாட்டையும் போட்டு குழப்பி வச்சிருப்பாங்க. நீங்களே உக்காந்து சரியா ஒரு லிஸ்ட் போடணும்னா என்னென்ன முடிவு எடுக்கணும், எங்க கால் வழுக்கும், எல்லாத்தையும் கீழ எழுதிருக்கேன். எக்ஸெல் இல்ல கூகுள் ஷீட் ஏதாவது ஒண்ணு போதும், ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்க.

ஹாக்கி புதுசா பாக்கிறவங்களுக்கு ஒரு வரி: கோல் அடிச்சா 1 பாயின்ட், அந்த கோலுக்கு முன்னாடி பக்கை (பந்துக்கு பதிலா ஆடுற ரப்பர் வட்டு) கடைசியா கொடுத்த ரெண்டு பேர் வரைக்கும் ஆளுக்கு 1 அசிஸ்ட், அதுவும் 1 பாயின்ட்தான். கோல், அசிஸ்ட் ரெண்டையும் கூட்டுனா பாயின்ட். "ஸ்கோரர்"னு பொதுவா சொல்லும்போது இந்த பாயின்ட்டை வச்சுதான் சொல்றாங்க.

முதல் வேலை: எந்த லீக், எது வரைக்கும்

இதை முதல்ல பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, ஏன்னா நடுவுல மாத்தினா மொத்த லிஸ்ட்டும் மாறும். நான் எடுத்துக்கிறது என்ஹெச்எல் ரெகுலர் சீசன் மட்டும், 1917-18 முதல் சீசன்ல இருந்து 2024-25 முடிய. கீழ வர்ற நம்பர் எல்லாம் அந்த கணக்குதான், இன்னும் ஆடிட்டு இருக்கிறவங்களோட நம்பர் அதுக்கப்புறம் ஏறியிருக்கும்.

1972ல இருந்து 1979 வரைக்கும் டபிள்யூஹெச்ஏன்னு போட்டி லீக் ஒண்ணு ஓடுச்சு. கோர்டி ஹோவ் அங்க மட்டும் 508 பாயின்ட் எடுத்திருக்காரு, என்ஹெச்எல்லோட ஆல்டைம் டாப் ஸ்கோரர் வெய்ன் க்ரெட்ஸ்கி அங்க ஒரே சீசன்ல 110. அதை என்ஹெச்எல் தன் கணக்குல சேக்கிறதில்ல, நானும் சேக்கல. சேக்கணும்னு நீங்க நினைச்சா தாராளமா சேருங்க, ஆனா அப்போ ரஷ்யாவோட கேஹெச்எல், ஸ்வீடன் லீக், செக் லீக் இதையெல்லாம் ஏன் விட்டீங்கன்னு ஒருத்தர் கேட்டா பதில் வேணும்.

ப்ளேஆஃப், அதாவது ரெகுலர் சீசன் முடிஞ்சு கோப்பைக்காக நடக்கிற நாக்அவுட் சுத்து, அந்த விஷயத்துலதான் நிறைய பேர் கவனிக்கவே மாட்டாங்க, அதுக்கு ஃபின்லாந்தை விட நல்ல உதாரணம் கிடையாது. ரெகுலர் சீசன்ல டீமு செலானே 1457, யாரி குர்ரி 1398, ரெண்டு பேரும் ஹெல்சிங்கிகாரங்க, செலானே 59 பாயின்ட் மேல. ப்ளேஆஃப்ல செலானே 130 கேம்ல 88 பாயின்ட், குர்ரி 200 கேம்ல 233. இப்போ கூட்டுங்க: செலானே 1545, குர்ரி 1631. ஷீட்ல ஒரே ஒரு காலம் (column) சேத்ததுக்கு ஒரு நாட்டோட நம்பர் ஒன்னே மாறிடுச்சு பாருங்க. குர்ரி எட்மண்டன் ஆய்லர்ஸ்ல க்ரெட்ஸ்கி பக்கத்துல ஆடினவரு, பெரும்பாலான வருஷம் மே மாசம் வரைக்கும் ஆட்டம் இருந்த டீம், அதனால அந்த 200 கேம். டீம் எவ்வளவு தூரம் போகுதுங்கிறது ஒரு ஆளோட கையில மட்டும் இல்லைங்கிறதால நான் ப்ளேஆஃபை வெளிய வைக்கிறேன்.

ரெண்டாவது வேலை: "நாடு"ன்னா எந்த வருஷத்து மேப்?

இங்கதான் அதிக நேரம் போகும், போகணும்.

கொபிடாரை எடுத்துக்கோங்க. ஆன்ஸே கொபிடார், 2024-25ல லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் கேப்டன், 1987ல யெசெனிட்சேங்கிற ஊர்ல பிறந்தாரு, 1278 பாயின்ட். அன்னைக்கு அந்த ஊர் யூகோஸ்லாவியாவுல இருந்துச்சு, 1991ல ஸ்லோவேனியா தனி நாடாச்சு. இவான் போல்டிரேவ்னு ஒருத்தர், 1970கள்லயும் 80கள்லயும் ஆடினவரு, 1052 கேம்ல 866 பாயின்ட், அவரும் யூகோஸ்லாவியாவுல பிறந்தவர்தான், ஆனா ஊரு ஸ்ரெஞானின், இன்னைக்கு அது செர்பியா. பழைய மேப் போட்டா ரெண்டு பேரும் ஒரே வரிசையில வந்து போல்டிரேவ் ரெண்டாவது ஆயிடுவாரு. இன்னைக்கு மேப் போட்டா ஆளுக்கு ஒரு நாடு, ரெண்டு பேரும் முதலிடம்.

சோவியத் யூனியன் இதை விட பெருசு. பழைய மேப்படி போனா ஒவெச்கின் ரஷ்யாவுல பிறக்கவே இல்ல, 1985ல மாஸ்கோ, சோவியத் யூனியன். மால்கின் 1986, அதே கதை. பனாரின் பிறந்தது 1991 அக்டோபர் 30, சோவியத் கலைஞ்சது அந்த வருஷ டிசம்பர் கடைசியில, அதனால ரெண்டு மாச வித்தியாசத்துல அவரும் சோவியத் பக்கம் போயிடுவாரு. அப்போ "ரஷ்யா"ங்கிற வரிசையில முதல்ல நிக்கிறது 1993ல பிறந்த குச்செரோவா இருக்கும், கீழ பாத்தா 1623 பாயின்ட், 897 கோல் அடிச்ச ஒவெச்கின் பேரே இருக்காது. 2025 ஏப்ரல் 6ம் தேதி க்ரெட்ஸ்கியோட 894 கோல் ரெக்கார்டை உடைச்ச மனுஷன் இல்லாத ரஷ்யா லிஸ்ட்டை யார்கிட்டயும் காட்ட முடியாது.

அதனால என் ரூல்: பிறந்த ஊர் இன்னைக்கு எந்த நாட்டுல இருக்கோ அதுதான் நாடு. இதுல லாட்வியாவுக்கு ரீகாவுல பிறந்த சாண்டிஸ் ஓஸோலின்ஷ் (564 பாயின்ட்), லிதுவேனியாவுக்கு டைனியஸ் ஸுப்ரஸ் (591), கஜகஸ்தானுக்கு நிக் ஆன்ட்ரோபோவ் (465) எல்லாம் அவங்கவங்க நாட்டுல தலை நிமிந்து நிப்பாங்க, சோவியத்னு போட்டா இவங்க மூணு பேரும் எங்கயோ கீழ காணாம போயிடுவாங்க. லிதுவேனியாவுல இன்னொரு அழகு, ஸுப்ரஸும் டிஃபென்ஸ்மேன் டாரியஸ் காஸ்பரைட்டிஸும் ரெண்டு பேருமே எலெக்ட்ரேனாய்ங்கிற ஒரே சின்ன ஊர்க்காரங்க.

பழைய மேப் ஆளுங்களும் உண்டு, அவங்க வாதத்துல நியாயம் இல்லாம இல்ல, பிறந்த சர்டிஃபிகேட்ல என்ன இருக்கோ அதான் உண்மைன்னு சொல்வாங்க. ஆனா அந்த வழியில போனா கடைசி வரைக்கும் போகணும். சிகாகோவுக்கு ஆடின ஸ்டான் மிகிதாவை எல்லாரும் செக்கோஸ்லோவாக்கியான்னு எழுதுறாங்க இல்லையா, அவர் பிறந்தது 1940 மே மாசம். அப்போ செக்கோஸ்லோவாக்கியாங்கிற நாடே கிடையாது, 1939ல இருந்து 1945 வரைக்கும் ஹிட்லர் நிழல்ல ஸ்லோவாக் அரசுன்னு தனியா ஒண்ணு இருந்துச்சு. சர்டிஃபிகேட்தான் முக்கியம்னா அதைத்தான் எழுதணும். இன்னைக்கு மேப் எடுத்தா இந்த தலைவலி இல்ல, ஸ்லோவாக்கியா, முடிஞ்சுது.

பிரிட்டனை ஒரே நாடா வைக்கிறதா நாலா பிரிக்கிறதாங்கிறது அடுத்த கேள்வி. ஸ்டாக்போர்ட்ல பிறந்த ஸ்டீவ் தாமஸ் 933, பெல்ஃபாஸ்ட்ல பிறந்த ஓவன் நோலன் 885, பர்மிங்ஹாம்ல பிறந்த கென் ஹாட்ஜ் 800. ஒண்ணா வச்சா தாமஸ் முதல், பிரிச்சா நோலன் வட அயர்லாந்தோட ராஜா. நான் ஒண்ணாதான் வைக்கிறேன், ஆனா இதுக்கு சரி தப்புன்னு எதுவும் இல்ல. முடிவு எடுத்தா லிஸ்ட் மேலயே எழுதிடுங்க.

மூணாவது வேலை: பிறந்தது வேற, ஆடினது வேற, ரெண்டுக்கும் தனித்தனி காலம் (column)

2024-25 முடிய அமெரிக்காவுக்கு டாப் ஸ்கோரர் யாருன்னு கேட்டா ரெண்டு பதில் வரும், ரெண்டும் சரி. மைக் மொடானோ மிஷிகன் மாநிலம் லிவோனியாவுல பிறந்தவரு, 1374 பாயின்ட். ப்ரெட் ஹல் 1391 பாயின்ட், 741 கோல், அமெரிக்கா டீமுக்காக ஆடினவரு, ஆனா பிறந்தது கனடாவுல ஒன்டாரியோ மாகாணம் பெல்வில்ல. பிறந்த நாடு லிஸ்ட்ல ஹல் கனடாவுக்குப் போகணும், அங்க போனா அவர் டாப் பத்துலயே வரமாட்டாரு. இந்த ஒரு பேரை தப்பான இடத்துல வச்சிருக்கானு பாத்தாலே ஒரு லிஸ்ட் எவ்வளவு கவனமா போட்டதுன்னு தெரிஞ்சிடும், நான் எந்த லிஸ்ட் பாத்தாலும் முதல்ல இதைத்தான் பாப்பேன்.

ஸ்டாஸ்ட்னி குடும்பம் இதுக்கு மேல. அப்பா பீட்டர் ஸ்டாஸ்ட்னி ப்ராட்டிஸ்லாவாவுல பிறந்து 1980ல கம்யூனிஸ்ட் நாட்டை விட்டு தப்பிச்சு க்யூபெக் நார்டிக்ஸ் டீமுக்கு வந்தாரு, 977 கேம்ல 1239 பாயின்ட். மகன் பால் க்யூபெக் சிட்டியில பிறந்தாரு, 822 பாயின்ட், ஆடினது அமெரிக்கா டீமுக்கு. ஒரே வீட்டுல மூணு நாடு. உங்க ஷீட்ல பீட்டர் ஸ்லோவாக்கியா, பால் கனடா.

ஹாக்கி வீரர்களோட பிள்ளைங்க அப்பா எந்த ஊர்ல ஆடினாரோ அங்க பிறக்கிறாங்க, இது ரொம்ப சகஜம். வில்லியம் நைலண்டர் கால்கரியில பிறந்தாரு, அலெக்ஸ் ஸ்டீன் வின்னிபெக்ல, ரெண்டு பேரோட அப்பாவும் ஸ்வீடன்காரங்க, அப்போ அந்தந்த ஊர் டீம்ல ஆடிட்டு இருந்தாங்க. ரெண்டு பேரும் ஸ்வீடனுக்குத்தான் ஆடினாங்க. ஆனா பிறந்த நாடு லிஸ்ட்ல கனடா.

ஆஸ்திரேலியாவைப் பாருங்க. என்ஹெச்எல்ல ஆடின முதல் ஆஸ்திரேலியன்னு எல்லாரும் கொண்டாடுறது நேதன் வாக்கரை, சிட்னியில வளர்ந்து ஹாக்கி கத்துக்கிட்டவரு. அவர் பிறந்தது வேல்ஸ்ல கார்டிஃப். ஜோர்டன் ஸ்பென்ஸ் பிறந்தது சிட்னி பக்கத்துல மேன்லி, ஜப்பான்ல கொஞ்ச நாள் வளர்ந்து கனடாவுக்கு ஆடுறாரு. அப்போ பிறந்த நாடு லிஸ்ட்ல ஆஸ்திரேலியா வரிசையில ஸ்பென்ஸ் வருவாரு, வாக்கர் பிரிட்டன்ல போய் நிப்பாரு. மனசுக்கு ஒப்பலைன்னாலும் ரூல் ரூல்தான், அதுக்காகத்தான் பக்கத்துலயே "வளர்ந்த நாடு"ன்னு இன்னொரு காலம் வைக்கச் சொல்றேன்.

நம்ம ஆளுங்க தேடுற கேள்வி ஒண்ணும் இதுலயே தீந்துடும். இந்திய வம்சாவளியில முதல்ல என்ஹெச்எல் ஆடின ராபின் பாவா, 1989-90ல வாஷிங்டனுக்கு வந்தவரு, பிறந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவுல டன்கன். அவர் கனடா வரிசைதான். வம்சாவளி வேற, பிறந்த நாடு வேற, அதுக்கு லிஸ்ட் வேணும்னா தனியா போடுங்க.

நாலாவது வேலை: டேட்டா எடுத்து ஷீட்ல போடுறது

என்ஹெச்எல்லோட சொந்த ஸ்டாட்ஸ் பக்கத்துல வீரர்களோட பயோ தகவல்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு, அதுல பிறந்த ஊர், பிறந்த நாடு, தேசியம் மூணும் தனித்தனி காலமா வரும். ஃபில்டர்ல ரெகுலர் சீசன் மட்டும் டிக் பண்ணுங்க, சீசன்களை மொத்தமா கூட்டிக் காட்டச் சொல்லுங்க, இல்லன்னா ஒரே ஆள் இருபது வருஷத்துக்கு இருபது வரிசையா வருவாரு. ஹாக்கி ரெஃபரன்ஸ் தளத்துலயும் பிறந்த நாடு வாரியா பக்கங்கள் இருக்கு, ரெண்டையும் எடுத்து ஒத்துப் பாக்கிறது நல்லது.

என் ஷீட்ல இருக்கிற காலம்: வீரர் ஐடி நம்பர், பேரு, பிறந்த தேதி, பிறந்த ஊர், இன்னைக்கு எந்த நாடு, அன்னைக்கு எந்த நாடு, வளர்ந்த நாடு, ஆடின தேசிய டீம், கேம், கோல், அசிஸ்ட், பாயின்ட். இவ்வளவு காலம் எதுக்குன்னு தோணும். பின்னாடி யாராவது வேற மேப் வச்சு கேட்டா ஒரு ஃபில்டர் மாத்தினா போதும், திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல.

ஐடி நம்பர் ஏன் வேணும்னு சொல்றேன், ஏன்னா இதுல நான் ஒரு முழு ராத்திரியை விட்டிருக்கேன். செபாஸ்டியன் ஆஹோன்னு ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் கரோலைனா ஃபார்வர்ட், ஃபின்லாந்துல ரௌமா ஊர்க்காரர். இன்னொருத்தர் டிஃபென்ஸ்மேன், ஸ்வீடன்ல உமியோ ஊர்க்காரர். பேரை வச்சு ரெண்டு டேபிளை இணைச்சேன், ஃபின்லாந்து ஆஹோவோட பாயின்ட் எல்லாம் ஸ்வீடன் வரிசையிலயும் போய் உக்காந்துடுச்சு, ஸ்வீடன் மொத்தம் ஏன் இவ்வளவு ஏறி நிக்குதுன்னு விடிய விடிய ஒவ்வொரு வரிசையா பாத்துத்தான் கண்டுபிடிச்சேன். எலியாஸ் பெட்டர்சனும் ரெண்டு பேர், ரெண்டு பேருமே ஸ்வீடன், ரெண்டு பேருமே வான்கூவர் டீம், நாடு டீம் எதை வச்சும் பிரிக்க முடியாது. ஐடி இல்லன்னா பிறந்த தேதியாவது வச்சு இணைங்க.

அடுத்தது எழுத்து. செலானே பேர்ல ஃபின்லாந்து ஸ்பெல்லிங்ல 'ஏ' மேல ரெண்டு புள்ளி இருக்கும், ஒரு தளத்துல புள்ளியோட வரும் இன்னொண்ணுல இல்லாம வரும், பேரை வச்சு தேடுற வி-லுக்கப் (VLOOKUP) ஃபார்முலா போட்டா கிடைக்கலைன்னு எர்ரர் காட்டும். செக், ஸ்லோவாக் பேருங்கள்ல இது இன்னும் அதிகம். இதுக்கும் ஐடிதான் மருந்து.

எல்லாம் ஏத்தினதும் ஒரு காலம் எக்ஸ்ட்ரா போட்டு கோல், அசிஸ்ட் ரெண்டையும் கூட்டி அதுல இருந்து பாயின்ட்டை கழிங்க. எல்லா வரிசையிலயும் பூஜ்யம் வரணும். வரலைன்னா அந்த வரிசையில காபி பேஸ்ட் நகந்திருக்கு.

கோலிகளை (கோல்கீப்பர்களை) என்ன பண்றது? அவங்களுக்கும் அசிஸ்ட் உண்டு. ஸ்கேட்டர்ஸ் (கோலி தவிர மத்த ஆட்டக்காரங்க) மட்டும்னு ஃபில்டர் போட்டா ஜோஹன்னஸ்பர்க்ல பிறந்த ஓலாஃப் கோல்ஸிக் போயிடுவாரு, அவரோட சேந்து தென்னாப்பிரிக்காவே லிஸ்ட்ல இருந்து போயிடும். நான் கோலிகளையும் சேத்துக்கிறேன், ஒரு நாட்டை மொத்தமா விடுறதுக்கு அது பரவாயில்ல.

அஞ்சாவது: நாட்டுக்குள்ள ரேங்க்

ஃபார்முலா ரொம்ப சிம்பிள். கவுன்ட்இஃப்ஸ் (COUNTIFS) வச்சு, நாடு இதேதான் ஆனா பாயின்ட் இவரை விட ஜாஸ்தி, அப்படிப்பட்ட வரிசை எத்தனைன்னு எண்ணுங்க, அதோட 1 கூட்டுங்க. அதுதான் அவர் நாட்டுல அவரோட ரேங்க். கீழ வரைக்கும் இழுத்து விட்டா வேலை முடிஞ்சுது.

பாயின்ட் சமமா இருந்தா கோல் அதிகம் உள்ளவர் மேல. இது நானா சொல்றதில்ல, சீசனோட டாப் ஸ்கோரருக்கு கொடுக்கிற ஆர்ட் ராஸ் கோப்பைக்கு என்ஹெச்எல்லே வச்சிருக்கிற ரூல். 1979-80ல மார்செல் டியோனும் க்ரெட்ஸ்கியும் ஆளுக்கு 137 பாயின்ட், டியோன் 53 கோல், க்ரெட்ஸ்கி 51, கோப்பை டியோனுக்குப் போச்சு.

இப்போ ஒவ்வொரு நாட்டுலயும் ரேங்க் 1 மட்டும் ஃபில்டர் பண்ணுங்க. எனக்கு வந்தது இப்படி, 2024-25 முடிய:

கனடா – வெய்ன் க்ரெட்ஸ்கி, 2857
செக் – யாரோமிர் யாகர், 1921
ரஷ்யா – அலெக்ஸ் ஒவெச்கின், 1623
ஸ்லோவாக்கியா – ஸ்டான் மிகிதா, 1467
ஃபின்லாந்து – டீமு செலானே, 1457
அமெரிக்கா – மைக் மொடானோ, 1374
ஸ்வீடன் – மாட்ஸ் சண்டின், 1349
ஸ்லோவேனியா – ஆன்ஸே கொபிடார், 1278
ஜெர்மனி – லியோன் ட்ரைசைட்ல், 956
பிரிட்டன் – ஸ்டீவ் தாமஸ், 933
உக்ரைன் – பீட்டர் போந்த்ரா, 892
செர்பியா – இவான் போல்டிரேவ், 866
ஆஸ்திரியா – தாமஸ் வானெக், 789

2024-25 முடிஞ்சப்போ மொடானோவுக்கு பின்னாடி 31 பாயின்ட் தூரத்துல பேட்ரிக் கேன் 1343ல நின்னாரு, அதனாலதான் தேதி போடாம எந்த லிஸ்ட்டையும் வெளிய விடாதீங்கன்னு சொல்றேன்.

உக்ரைன் வரிசையை ஒரு நிமிஷம் பாருங்க. போந்த்ரா லுட்ஸ்க்ல பிறந்தாரு, சின்ன வயசுலயே குடும்பம் ஸ்லோவாக்கியாவுல பாப்ராட் போயிடுச்சு, 503 கோல் அடிச்சதெல்லாம் ஸ்லோவாக் வீரராத்தான். உக்ரைன் ஹாக்கியில வளர்ந்து வந்த ஆளுன்னு பாத்தா கீவ்ல பிறந்து சொகோல் கீவ்ல ஆடி வந்த டிமித்ரி ஹ்ரிஸ்டிச், 811 கேம்ல 596 பாயின்ட். ரேங்க்ல போந்த்ராதான் முதல்ல, ஆனா நீங்க லிஸ்ட் போடும்போது ஹ்ரிஸ்டிச் பேரை பக்கத்துல ஒரு குறிப்பாவது எழுதுங்க, அந்த மனுஷனுக்கு நாம கொடுக்க வேண்டிய மரியாதை அது.

ஆறாவது: நாடுகளையே ரேங்க் பண்றது

மேல இருக்கிற லிஸ்ட்டை அப்படியே "நாடுகளோட ரேங்க்"னு போடுறவங்க நிறைய. அது ஒரு ஆளோட ரேங்க், நாட்டோடது இல்ல. அமெரிக்கா ஆறாவதுன்னு வருது பாருங்க, ஆயிரக்கணக்குல வீரர்களை அனுப்பின நாடு, எட்டு வயசுல ஊரை விட்டுப் போன ஒரு ஸ்லோவாக் பையனுக்குப் பின்னாடி.

இதுக்கு டாப் 3, டாப் 5, டாப் 10 கூட்டல்னு போடலாம், எத்தனைன்னு எடுக்கிறீங்களோ அதுலயே முடிவு மாறும். ஃபின்லாந்தையும் ஸ்வீடனையும் வச்சு கணக்கு போட்டுப் பாத்தேன். டாப் 3: செலானே 1457, குர்ரி 1398, சாகு கொய்வு 832, மொத்தம் 3687. ஸ்வீடன்ல சண்டின் 1349, ஆல்ஃப்ரெட்சன் 1157, லிட்ஸ்ட்ராம் 1142, மொத்தம் 3648. ஃபின்லாந்து 39 பாயின்ட் முன்னாடி. நாலாவது ஆளை சேத்த உடனே கதை முடிஞ்சுது, ஸ்வீடன்ல நாலாவது ஹென்ரிக் செடின் 1070, ஃபின்லாந்துல நாலாவது ஆள் 800ஐயே தொடல. அதுக்கப்புறம் டேனியல் செடின் 1041, பேக்ஸ்ட்ராம் 1033னு ஸ்வீடன்ல ஆயிரம் தாண்டினவங்க மட்டும் ஆறு பேர், ஃபின்லாந்துல ரெண்டே பேர். உச்சி உயரம்னா ஃபின்லாந்து, அகலம்னா ஸ்வீடன். ஆறு பேர்ல ரெண்டு பேர் எர்ன்ஷெல்ட்ஸ்விக்ல ஒரே நாள்ல பிறந்த ரெட்டைப் பிள்ளைங்கங்கிறது கூடுதல் சந்தோஷம்.

அதனால எதை எடுக்கிறதுன்னு கேட்டா டாப் 10 கூட்டலை எடுங்க. பெரிய நாடுகளுக்கு அதுதான் நியாயம். கனடாவை எப்படி பாத்தாலும் யாரும் நெருங்க முடியாது, 2024-25 முடிய மொத்த லீக் சரித்திரத்துல டாப் 10ல யாகர் ஒருத்தர்தான் வெளிநாடு, மிச்சம் ஒன்பதும் கனடா. கனடாவோட பத்தாவது ஆள் ஃபில் எஸ்பொசிட்டோ 1590, அந்த பத்தாவது ஆளைத் தாண்டி நிக்கிற வெளிநாட்டுக்காரங்க யாகரும் ஒவெச்கினும் மட்டுமே. சின்ன நாடுகளுக்கு டாப் 10 எடுத்தா பத்து பேரே இருக்க மாட்டாங்க, அதனால அவங்களை தனி டேபிளா வச்சு முதல் ஆளை மட்டும் பாருங்க.

ஒரு கேமுக்கு எத்தனை பாயின்ட்னு பாக்கிறது இன்னொரு வழி. குறைஞ்சது 500 கேம்னு ஒரு கோடு போடுங்க, இல்லன்னா பத்து கேம் ஆடினவர் வந்து மேல நிப்பாரு. இதுல பிரிட்டன்ல ஹாட்ஜ் 0.91 எடுத்து தாமஸோட 0.76ஐ தாண்டிடுவாரு. ஸ்வீடன்ல காயத்துலயே பாதி வாழ்க்கை போன பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் 708 கேம்ல 885, அதாவது 1.25, சண்டின் 1.00தான். ஸ்லோவாக்கியாவுல பீட்டர் ஸ்டாஸ்ட்னி 1.27, மிகிதா 1.05. ஆனா ஸ்டாஸ்ட்னி ஆடின 1980கள்ல ஒரு கேமுக்கு ரெண்டு டீமும் சேந்து சராசரியா 8 கோல் போன சீசன் எல்லாம் உண்டு, 2003-04ல அது 5 சொச்சம். அதனால வேற வேற காலத்து ஆளுங்களை ஒப்பிடும்போது இதை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க.

கிழக்கு ஐரோப்பா மொத்தம் ஏன் குறைவுன்னு கேக்கிறவங்களுக்கு: 1989 மார்ச்லதான் சோவியத் அரசு அனுமதியோட முதல் ஆள், செர்கெய் ப்ரியாகின், கால்கரிக்கு வந்தாரு. அந்த மே மாசம் இன்னொரு சோவியத் வீரர் மோகில்னி ஸ்டாக்ஹோம்ல இருந்து தப்பிச்சு வந்தாரு. அதுக்கு முன்னாடி இருந்த பெரிய பெரிய ஆட்டக்காரங்க தங்களோட நல்ல வயசை அங்கயே ஆடி முடிச்சாங்க, அவங்க பாயின்ட் எதுவும் இந்த ஷீட்டுக்குள்ள வராது. டேபிளுக்கு கீழ இதை ஒரு வரியா எழுதி வைங்க.

ஏழாவது: விசித்திரமான வரிசைகளை ஒவ்வொண்ணா சரி பாருங்க

ஷீட் முடிஞ்சதும் நாடுகள் காலத்தை மட்டும் பாருங்க, ஐஸ் இல்லாத நாடுங்க பேர் வரும். தப்பு டேட்டான்னு அழிச்சுடாதீங்க, பெரும்பாலும் அது உண்மைதான்.

பராகுவே – வில்லி ப்ளெட், 834 கேம்ல 437 பாயின்ட், மென்னோனைட்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேந்த குடும்பம், 1977ல சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையே வாங்கினவரு. போலந்துல பிறந்து வந்த செர்காவ்ஸ்கி 435, பராகுவே ரெண்டு பாயின்ட் மேல! தைவான் – ராட் லாங்வே, 329, அப்பா அமெரிக்க கடற்படையில அங்க இருந்தாரு. புரூனே – க்ரெய்க் ஆடம்ஸ், செரியாங்கிற எண்ணெய் ஊர்ல பிறந்தவரு, 951 கேம், 160 பாயின்ட். தென் கொரியா – சியோல்ல பிறந்த ரிச்சர்ட் பார்க், 241. ஃபிரான்ஸ் வரிசையில பால் மெக்லீன், 719 கேம்ல 673 பாயின்ட், பிறந்த ஊர் க்ரோஸ்டென்காங். அது என்ன ஊர்னு தேடிப் போனா, 1950கள்ல கனடா விமானப்படை அங்க தளம் போட்டிருந்துச்சு, அந்த தளத்துப் பிள்ளை அவர்.

ரேகர் சகோதரர்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சவங்க. பெற்றோர் மிஷனரிங்க. அண்ணன் ராபின் பிரேசில்ல ரெசிஃபேவுல பிறந்தாரு, ஆயிரம் கேமுக்கு மேல ஆடின முரட்டு டிஃபென்ஸ்மேன். தம்பி ரிச்சி இந்தோனேசியாவுல பாண்டுங்ல பிறந்தாரு. வளர்ந்தது ரெண்டு பேரும் சஸ்காச்சுவான்ல ராஸ்தெர்ன், பனியும் கோதுமையும் உள்ள ஊரு. ஷீட்ல ஒருத்தர் பிரேசில், ஒருத்தர் இந்தோனேசியா, அப்படியே விடுங்க.

கடைசியா ஒரு செக். பிறந்த ஊர் ஒவ்வொண்ணையும் மேப்ல தேடி இன்னைக்கு எந்த நாடுன்னு உறுதி பண்ணும்போது மிகிதா வரிசையில சொகோல்ச்சேன்னு இருக்கும், தேடினா ஊர் கிடைக்காது, ஸ்பெல்லிங் தப்புன்னு நினைச்சு மாத்திடாதீங்க. 1948ல எட்டு வயசு ஸ்டானிஸ்லாவை அத்தை மாமா கனடாவுக்கு, செயின்ட் கேத்தரின்ஸுக்கு கூட்டிட்டுப் போனாங்க, அவங்க பேர்தான் மிகிதா, அதுவரைக்கும் அவன் பேர் கூத். அந்தப் பையன் சிகாகோவுல பெரிய ஆளாகி ஆடிட்டு இருந்த காலத்துல அங்க ஸ்லோவாக்கியாவுல லிப்டோவ் பகுதியில அணை கட்டினாங்க, லிப்டோவ்ஸ்கா மாராங்கிற அந்த நீர்த்தேக்கத்துக்குள்ள சொகோல்ச்சே போயிடுச்சு. பிறந்த ஊர் காலத்துல சொகோல்ச்சேன்னே இருக்கட்டும், நாடு காலத்துல ஸ்லோவாக்கியான்னு போடுங்க, பக்கத்துல குறிப்பு காலத்துல "தண்ணிக்கு அடியில"ன்னு நான் எழுதி வச்சிருக்கேன்.